செடியின் நாடி பார்த்த பேரறிஞர்

கையை உயர்த்த வேண்டுமென்று எண்ணுகிறேன், கை உயர்கிறது. நடக்க வேண்டுமென்று எண்ணுகிறேன், கால் நடக்கிறது. ஆனால் நெஞ்சை நோக்கிச் சற்று ஓய்ந்திரு என்று நான் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. நான் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. உண்ட சோற்றை இரைப்பை செரிக்கிறது. வெயிலில் தோல் வியர்க்கிறது. இருளில் கண்மணி விரிகிறது, ஒளியில் சுருங்குகிறது. இவற்றுள் எதற்கும் என் அனுமதி வேண்டியதில்லை. வீட்டுத் தலைவன் உறங்கினாலும் அடுக்களை வேலை நில்லாத பெரிய குடும்பத்தைப் போல, நம்மைக் கேளாமலே நமக்காக உழைக்கும் ஓர் ஆட்சி நம் உடலுக்குள் நடைபெறுகிறது. அதை நடத்தும் நரம்புகளைப் பிரித்து ஆராய்ந்து, 1898-ஆம் ஆண்டில் அவற்றிற்குத் தனிப்பெயர் சூட்டியவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி. தன்னியக்க நரம்பு மண்டலம் என்று நாம் தமிழில் வழங்குவது அதனையே.

நரம்புள்ள உயிர்களுக்கு இப்படி ஓர் ஆட்சி உண்டு. நரம்பில்லாத செடிக்கு? அதற்குள்ளும் யாரையும் கேளாமல் துடிப்பது ஏதேனும் உண்டா? உண்டெனில் அத்துடிப்பும் நம் நெஞ்சின் துடிப்பும் ஒரே சட்டத்திற்கு அடங்கியவையா? அந்நாளில் கல்கத்தா என்றும் 2001 முதல் கொல்கத்தா என்றும் வழங்கும் நகரிலிருந்து இக்கேள்வியை எழுப்பி, விடையைச் செடியின் கையாலேயே எழுதி வாங்க முயன்றவர் ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ். அவருடைய வரலாற்றை நம் சங்க ஏட்டில் எழுத வேண்டுமென்ற எண்ணம், உடலியல் பயிலும் மாணவனாகிய எனக்கு நெடுநாளாக உண்டு.

அதற்குக் காரணம் ஒன்று உள்ளது. பள்ளிப் பாடங்களில் அவரைப் பற்றி வழக்கமாக ஒரு வரி வரும். செடிகளுக்கும் உயிருண்டு என்று கண்டுபிடித்தவர் ஜகதீச சந்திர போஸ் என்பது அவ்வரி. தமிழ் மாணவர் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்து எத்தனை நூற்றாண்டுகள் கடந்துவிட்டன! வாடிய செடிக்கு நீர் ஊற்றும் குடியானவனுக்கு அது உயிருள்ளது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேனாட்டுத் தாவர அறிஞரும் அதை மறுத்ததில்லை. போஸ் செய்தது அதனினும் அரியது, அதனினும் நுட்பமானது. அதை உள்ளவாறு சொல்வதுதான் அப்பெரியாருக்கு நாம் காட்டும் மரியாதை.

ஜகதீசர் 1858 நவம்பர் 30-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில், இன்று வங்காள தேசமாக உள்ள பகுதியில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் துணை மாஜிஸ்திரேட்டு. அக்காலத்தில் பதவியிலிருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே கௌரவம் என்று கருதினர். பகவான் சந்திரரோ பரீத்பூரில் தம் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியை அறிந்த பின்னரே பிறமொழி என்பது அவர் கொள்கை. அங்கே ஜகதீசருக்கு ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளரின் மகனும், மறுபுறம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். ஆற்றிலும் வயலிலும் வாழும் உயிர்களைப் பற்றி அச்சிறுவர் சொன்ன கதைகள்தாம் இயற்கையின்பால் தம் ஆர்வத்தைத் தூண்டின என்று அவர் முதுமையிலும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

பின்னர்க் கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கே லாபோன் பாதிரியார் என்னும் பெல்ஜிய நாட்டுத் துறவி பௌதிகம் கற்பித்தார். பரிசோதனை செய்து காட்டாமல் அவர் எதையும் கற்பிப்பதில்லை. கண்ணால் கண்டதை நம்பு, கருவியால் அளந்ததைச் சொல் என்னும் பழக்கம் ஜகதீசருக்கு அங்கேதான் படிந்தது.

1880-ஆம் ஆண்டில் மருத்துவம் பயில லண்டன் சென்றார். அஸ்ஸாம் காட்டில் பற்றிய காய்ச்சல் அவரை விட்டபாடில்லை. பிணம் அறுக்கும் கூடத்தின் நெடி நோயை மிகுவித்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயிலலானார். நோய் செய்த நன்மை என்று இதைச் சொல்லலாம். ஏனெனில் அப்போது கேம்பிரிட்ஜில் பௌதிகம் கற்பித்தவர் ராலே பிரபு. தாவரவியல் கற்பித்தவர் சிட்னி வைன்ஸ். உடலியல் கற்பித்தவர் மைக்கேல் பாஸ்டர்.

இந்தப் பாஸ்டரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நத்தையின் இதயத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்தாலும் அத்துண்டு தானே துடித்துக்கொண்டிருக்கிறது என்பதை 1859-லேயே அவர் எடுத்துக்காட்டியிருந்தார். துடிப்பை நரம்பு தருகிறதா, தசையே தருகிறதா என்பது அக்காலத்துப் பெரும் வழக்கு. பாஸ்டரின் மாணவர் காஸ்கெல், ஜகதீசர் கேம்பிரிட்ஜில் இருந்த அந்த ஆண்டுகளிலேயே, தவளையின் இதயத்தையும் ஆமையின் இதயத்தையும் ஆராய்ந்து துடிப்பு தசையிலேயே பிறக்கிறது என்று நிறுவி வந்தார். லாங்லியும் பாஸ்டரின் மாணவரே. தன்னியக்கத்தைப் பற்றிய இக்கால அறிவு எந்தக் கூடத்தில் பிறந்ததோ, அந்தக் கூடத்தின் காற்றை ஜகதீசரும் சுவாசித்தார்.

இவ்வறிவின் சாரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்; பின்னால் வருவது விளங்க இது வேண்டும். நம் இதயத்தின் வலப்புற மேலறையில் ஒரு சிறு தசைத்திரள் உண்டு. துடிப்பு அங்கே தானாகப் பிறந்து இதயம் முழுவதும் மின்கிளர்ச்சியாகப் பரவுகிறது. நரம்புகள் துடிப்பைப் படைப்பதில்லை; அதன் வேகத்தையும் வலிமையையும் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. வேகஸ் என்னும் நரம்பு குதிரையின் கடிவாளம் போன்றது. அது துடிப்பைத் தளர்த்துகிறது. வெபர் சகோதரர் இதை 1845-இல் கண்டனர். பரிவு நரம்பு என்பது சவுக்கைப் போன்றது. அது துடிப்பை முடுக்குகிறது. அமைதியாய் இருக்கும் மனிதனின் நாடி நிமிடத்திற்கு எழுபது என்று அமைவது கடிவாளத்தின் கை ஓங்கியிருப்பதால்தான். மாற்று இதயம் பொருத்தப்பெற்றவர் நெஞ்சில் இந்நரம்புத் தொடர்புகள் அறுபட்டிருக்கும். ஆயினும் இதயம் நிற்பதில்லை. நிமிடத்திற்கு ஏறத்தாழ நூறு முறை தன் போக்கில் துடிக்கிறது. ஆகவே தன்னியக்கம் என்பதில் இரண்டு கூறுகள் உண்டு. தானே துடிப்பது ஒன்று. அதைச் செய்தி அனுப்பி நெறிப்படுத்துவது மற்றொன்று.

1884-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய ஜகதீசர் மறு ஆண்டில் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். வெள்ளையருக்குரிய சம்பளத்தில் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கே கொடுப்பது வழக்கம். அவர் தற்காலிக ஆசிரியர் என்பதால் அதிலும் பாதியே கிடைத்தது. அவர் முழக்கமிடவில்லை, வேலைநிறுத்தமும் செய்யவில்லை. சம்பளத்தை வாங்க மறுத்து, மூன்றாண்டு காலம் ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார். குடும்பமோ கடனில் இருந்தது. இறுதியில் மேலிடம் இணங்கிப் பழைய பாக்கி முழுவதையும் கொடுத்தது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

அந்த வறுமைக் காலத்தில், 1887-இல் அவரை மணந்தவர் அபலா அம்மையார். இவ்வம்மையாருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்க்காதபடியால், அவர் 1882-இல் சென்னைக்கு வந்து நம் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காமல் திரும்பினார். பிற்காலத்தில் வங்காளப் பெண்களின் கல்விக்கும் விதவையரின் வாழ்வுக்கும் அவர் ஆற்றிய தொண்டு தனிக்கட்டுரைக்குரியது.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என்று எதுவுமில்லை. ஒரு சிற்றறையில், தகரவேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியைத் துணைக்கொண்டு, ஜகதீசர் தம் கருவிகளைத் தாமே படைத்தார். கம்பியில்லா மின்னலைகளை அவர் ஆராய்ந்த வரலாறு யாவரும் அறிந்ததே. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களுக்கு அப்பாலிருந்து அலைகளை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். ஐந்து மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கியது அந்நாளில் வேறெவரும் எளிதில் எட்டாத திறம். இவ்வொன்றுக்காகவே அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை.

மின்னலையை உணரும் கருவியில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். நெடுநேரம் வேலை செய்த கருவி மெல்ல மந்தமாயிற்று. ஓய்வு கொடுத்தால் மீண்டும் கூர்மை பெற்றது. உழைத்த தசை களைப்பதும் இளைப்பாறுவதும் இப்படித்தானே என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. பிறர் கருவியின் குறை என்று ஒதுக்கியிருப்பர். அவரோ அதைப் பின்தொடர்ந்தார். உலோகம், செடி, தசை ஆகிய மூன்றையும் ஒரே விதமாகத் தூண்டி, மூன்றிலும் எழும் மின்மாற்றத்தை வரைகோடாக எடுத்தார். தொட்டாற்சுருங்கி மட்டுமன்று, அசையாத கேரட்டும் முள்ளங்கி இனமும்கூடத் தூண்டினால் மின்துலங்கல் காட்டுகின்றன என்றார். பௌதிக ஆசிரியர் ஒருவர் உடலியலின் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

1901 ஜூன் மாதம் லண்டன் ராயல் சங்கத்தில் அவர் இதைப் படித்தபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் சாமானியர் அல்லர். ஒருவர் பர்டன் சாண்டர்சன். ஈயைப் பிடித்துண்ணும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடியில் மின்துடிப்பு ஓடுவதை 1873-இல் முதன்முதல் கண்டவர் அவரே. மற்றொருவர் வாலர்; மனித இதயத்தின் மின்துடிப்பை உடலுக்கு வெளியிலிருந்து 1887-இல் முதன்முதல் பதிவு செய்தவர். செடியின் மின்சாரத்தையும் நெஞ்சின் மின்சாரத்தையும் உலகில் மிக நன்றாக அறிந்த இருவர் எதிரே நிற்க, கல்கத்தா ஆசிரியர் தனியாக நின்றார். சாதாரணச் செடிகள் மின்துலங்கல் காட்டா என்றார் சாண்டர்சன். மேலும், துலங்கல் என்பது உடலியலார் சொல். அதைத் தலைப்பிலிருந்து நீக்கி, பௌதிக மாற்றம் என்று எழுதிக்கொள்ளலாம் என்று அறிவுரை கூறினார். ஜகதீசர் இசையவில்லை. பரிசோதனையில் பிழை காட்டினால் திருத்துவேன், பெயருக்காகத் திருத்தமாட்டேன் என்னும் நிலையில் உறுதியாக நின்றார். கட்டுரை அச்சேறாமல் பேழைக்குள் போயிற்று. மறு ஆண்டு, பழைய ஆசிரியர் வைன்ஸ் தலைவராயிருந்த லின்னேயச் சங்கம் அவரை அழைத்து, அவர் ஆராய்ச்சியை வெளியிட்டது.

இப்போராட்டத்தைப் பலர் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் நடந்த வழக்காக மட்டும் எழுதுகின்றனர். அந்த நிறம் அதில் இல்லை என்று நான் சொல்லேன். ஆனால் அதற்குள் மெய்யான விஞ்ஞானக் கேள்வி ஒன்றும் இருந்தது. கருவி காட்டும் கோடு ஒன்று. அக்கோட்டிற்கு நாம் இடும் பெயர் வேறு. ஜகதீசரின் வாழ்வு முழுவதிலும் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. கோட்டை வரைவதில் அவரை வென்றவர் இலர். பெயரிடுவதில் அவர் எப்போதும் வென்றவர் அல்லர்.

முதலில் கோட்டைப் பார்ப்போம். தொழுகண்ணி என்று நம் நாட்டு மருத்துவர் வழங்கும் செடி ஒன்று உண்டு. வங்காளிகள் அதை வனசண்டாளம் என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். அதன் இலையில் பெரிய சிற்றிலை ஒன்றும், அதன் அடியில் இரு புறமும் சிறிய சிற்றிலைகள் இரண்டும் இருக்கும். வெப்பமான நாளில் அச்சிறு இலைகள் யாரும் தொடாமலே, காற்றும் அசைக்காமலே, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலும் கீழுமாக அசைந்துகொண்டேயிருக்கும். கைகூப்பித் தொழுவதைப் போன்ற இவ்வசைவை நம் முன்னோர் கண்டு வியந்தனர். ஜகதீசர் வியந்ததோடு நில்லாமல், இஃது ஏன் செடியின் நாடியாக இருத்தல் கூடாது என்று எண்ணினார்.

சிற்றிலையை மெல்லிய இழையால் எழுதுகோலோடு பிணைத்து அதன் அசைவைப் பதிவு செய்தார். பின்பு இதய ஆராய்ச்சியாளர் இதயத்திற்குச் செய்யும் சோதனைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குச் செய்தார். வெட்டியெடுத்த இலையின் துடிப்பு நின்றது. உள்ளே நீரழுத்தம் கொடுத்ததும் மீண்டும் தொடங்கிற்று. ஈதர் ஆவியைச் செலுத்தினார். துடிப்பு மயங்கி நின்றது. ஆவியை நீக்கித் தூய காற்றை விட்டார், மீண்டது. வெப்பத்தைக் கூட்டினார், துடிப்பு விரைந்தது, ஆனால் வீச்சுக் குறைந்தது. நீர்த்த அமிலத்தை இட்டபோது இலை தளர்ந்த நிலையில் நின்றது. காரத்தை இட்டபோது சுருங்கிய நிலையில் நின்றது. இதயத்தின்மீது அமிலமும் காரமும் இவ்வாறே எதிரெதிராக வேலை செய்கின்றன என்று காஸ்கெல் முன்பே கண்டிருந்தார். நரம்பின் கட்டளையின்றித் தானே துடிக்கும் இரண்டு பொருள்கள், ஒன்று தவளையின் நெஞ்சில், மற்றொன்று வங்காளத் தோட்டத்துச் செடியில், ஒரே விதமான கேள்விகளுக்கு ஒரே விதமான விடை தந்தன. இதுதான் தன்னியக்கத்தின் முதற் கூறு.

இரண்டாவது கூறு செய்தி. தொட்டாற்சுருங்கியின் நுனியிலையைக் கிள்ளினால் தொலைவிலுள்ள காம்பு சாய்கிறது. செய்தி எப்படிப் போயிற்று? குழாயில் நீர் அதிர்வது போல, தண்டினுள் உள்ள நீரின் அழுத்த மாற்றமே அது என்று ஜெர்மானிய அறிஞர் பெபரும் ஹாபர்லாண்டும் கருதினர். அப்படியானால் மயக்க மருந்து அதைத் தடுக்கக்கூடாது. குழாய் நீர் மயங்குவதில்லையல்லவா? ஜகதீசர் காம்பின் நடுவே ஒரு சிறு பகுதியைக் குளிரூட்டினார். செய்தி தாமதித்தது, பின் நின்றது. அங்கே பொட்டாசியம் சயனைடு நஞ்சைத் தடவினார், செய்தி கடக்கவில்லை. மின்னோட்டத்தால் தடையிட்டார், அப்போதும் கடக்கவில்லை. தவளையின் நரம்பில் செல்லும் செய்தியை இவையே நிறுத்தும். ஆகவே செய்தியைக் கடத்துவது வெறும் நீரன்று, உயிருள்ள அணுக்கள் என்று முடிவு கூறினார்.

இதை அளந்த கருவியின் நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. இலையின் இழுப்பு வலிமையற்றது. எழுதுகோல் தகட்டில் உராய்ந்தாலே அசைவு கெட்டுவிடும். எனவே எழுதுகோல் தகட்டை எப்போதும் தொட்டுக்கொண்டிராமல், இசைக்கம்பி போல ஒரே கதியில் அதிர்ந்து, தட்டித் தட்டிப் புள்ளி வைக்குமாறு அவர் அமைத்தார். வினாடிக்கு நூறு முறை அதிர்ந்தால், புகைக்கரி படிந்த கண்ணாடியில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே வினாடியில் நூறில் ஒரு பங்கு. உராய்வும் ஒழிந்தது, கடிகாரமும் வேண்டியதில்லை. இக்கருவியால் எடுத்த முடிவுகளை, முன்பு கதவடைத்த அதே ராயல் சங்கம் பின்னர்த் தன் ஏட்டில் வெளியிட்டது. கொல்கத்தா சென்றிருந்தபோது இவருடைய கருவிகள் சிலவற்றை நான் கண்டேன். பித்தளையும் மரமும் கண்ணாடியும். பெரும்பாலும் அந்நகரத்துக் கைவினைஞர் செய்தவை. ஏழைக் கல்லூரி, ஏழை நாடு என்று முணுமுணுக்கும் எவரும் அவற்றின் முன் ஐந்து நிமிடம் நிற்றல் நன்று.

அவர் ஆராய்ச்சி மூடநம்பிக்கையையும் அவமதிக்காமல் தெளிவித்தது. பரீத்பூரில் ஓர் ஈச்சமரம் இருந்தது. மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் தலை தாழ்த்தி வணங்கும், காலையில் நிமிரும். மக்கள் அதைத் தெய்வமாகப் போற்றினர். ஜகதீசர் அதில் பதிவுகருவியைப் பொருத்தி இரவும் பகலும் எழுதச் செய்தார். வெப்பம் ஏற ஏற மரம் தாழ்ந்தது, குளிர்ந்தபோது எழுந்தது. மணியோசைக்கு அதில் பங்கில்லை. ஆனால் அசையாது என்று நாம் நினைக்கும் பருமரமும் நாள் முழுவதும் சூழலுக்கேற்ப அசைந்துகொண்டிருக்கிறது என்ற உண்மை வெளிவந்தது. பக்தர் கண்டது பொய்யன்று, காரணம்தான் வேறு.

1915-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இல் அரசாங்கம் ஸர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு நவம்பர் 30-இல், தம் பிறந்தநாளில், தம் வாழ்நாள் சேமிப்பையும் அன்பர் உதவியையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அதை அவர் ஆலயம் என்றே கருதினார். நண்பர் இரவீந்திரநாத தாகூர் திறப்பு விழாவிற்கெனப் பாடல் இயற்றினார். அந்நிலையம் இன்றும் உயிரியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டு வருகிறது.

பழைய வழக்கு முடியவில்லை. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை வாலர் ஐயுற்றார். 1920 ஏப்ரலில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிஞர் முன்னிலையில் ஜகதீசர் அதை இயக்கிக் காட்டினார். கண்டவர்கள் கருவி மெய்யானதே என்று டைம்ஸ் பத்திரிகையில் கையொப்பமிட்டு எழுதினர். அவ்வாண்டே ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. கையொப்பமிட்டோருள் பெயிலிஸ் ஒருவர். இவர் யார் தெரியுமா? கணையம் செரிமான நீரைச் சுரப்பது நரம்பின் கட்டளையால் மட்டுமன்று, இரத்தத்தில் வரும் ஒரு வேதிப்பொருளின் தூதாலும் என்று ஸ்டார்லிங்கோடு சேர்ந்து 1902-இல் கண்டவர். கேளாமல் நடக்கும் வேலைகளுக்கு நரம்பு மட்டுமே தூதன் அன்று என்ற பேருண்மை அது.

ஜகதீசர் இவ்வுண்மைக்குத் தக்க இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். 1916-இல் ரிக்கா என்னும் இத்தாலியர் தொட்டாற்சுருங்கி இனத் தண்டை வெட்டி, இடையில் நீர் நிறைந்த குழாயை வைத்தார். காயத்தின் செய்தி அதையும் கடந்தது. உயிரணு இல்லாத நீரை நரம்புச்செய்தி கடக்காது, வேதிப்பொருள் கடக்கும். 1921-இல் லோவி, ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் நரம்பால் தளர்த்தி, அதைச் சூழ்ந்த நீரை வேறொரு இதயத்தின்மீது விட்டார், அதுவும் தளர்ந்தது. நரம்பே வேதிப்பொருளைக் கொண்டுதான் இதயத்தோடு பேசுகிறது என்று தெரிந்தது. ஜகதீசரோ தம் வழியிலேயே சென்று, 1926-இல் தாவரங்களின் நரம்பு அமைப்பு என்றே நூலெழுதினார். மரத்தில் நீர் மேலேறுவதும் தண்டின் உயிரணுக்கள் இதயம் போலத் துடித்துத் தள்ளுவதாலேயே என்று 1923-இல் வாதிட்டார். அக்கொள்கையை அறிவுலகம் ஏற்கவில்லை. இலைகள் நீராவியை வெளிவிடும்போது உண்டாகும் இழுவிசையே நீரை மேலேற்றுகிறது என்னும், 1894-இல் டிக்ஸனும் ஜாலியும் கூறிய விளக்கமே நிலைபெற்றது.

இன்றைய தீர்ப்பு என்ன? செடியில் நரம்பணு இல்லை, மூளை இல்லை, வலியையோ மகிழ்ச்சியையோ அது உணர்கிறது என்பதற்குச் சான்றில்லை. ஆனால் செடியில் மின்துடிப்பு ஓடுகிறது. உயிரணுக்களின் வழியே ஓடுகிறது. மயக்க மருந்து அதை நிறுத்துகிறது. காயப்பட்ட இலையிலிருந்து கால்சியம் அலையும் மின்னலையும் பிற இலைகளுக்குப் பாய்ந்து, தற்காப்பைத் தொடங்கிவைப்பதை 2018-இல் ஆராய்ச்சியாளர் ஒளிரும் படமாகவே எடுத்தனர். தொட்டாற்சுருங்கியில் அதே அலைகள் இலையை மூடச் செய்து, தத்துக்கிளியின் வாயிலிருந்து காப்பதை 2022-இல் ஜப்பானிய அறிஞர் காட்டினர். தொழுகண்ணியின் துடிப்பு, சிற்றிலையின் அடியிலுள்ள அணுக்களில் பொட்டாசியமும் நீரும் புகுந்தும் வெளியேறியும் நடப்பது என்று தெரிந்துள்ளது. நம் இதயத்தின் துடிப்பும் அணுச்சவ்வின் ஊடே உப்புக்கூறுகள் போய்வருவதால்தான். போஸ் இட்ட பெயர் வீழ்ந்தது. வரைந்த கோடு வீழவில்லை.

1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் ஜகதீசர் காலமானார். எழுபத்தொன்பது ஆண்டு நிறைவுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. சிறுவயது முதல் அவரைக் கேளாமலே துடித்த நெஞ்சு அன்று ஓய்ந்தது.

தமிழ் மாணவராகிய நாம் அவரிடம் கற்க வேண்டியவை இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் தம் ஆராய்ச்சியை வங்காளச் சிறுவர்க்கும் புரியுமாறு தாய்மொழியில் எழுதினார். அக்கட்டுரைகளை 1921-இல் அவ்யக்தம் என்னும் நூலாக்கினார். தன்னியக்கம், துலங்கல், உயிரணு என்று நாம் இன்று தமிழில் எழுத முடிகிறதென்றால், அச்சொற்களை ஆய்வுக்கூடத்திலும் புழங்கவிடும் பொறுப்பு நம்முடையது. மற்றொன்று, பெரியோரைப் போற்றும் முறை. அவர் சொல்லாததை அவர்மீது ஏற்றியும், அவர் தவறியதை மறைத்தும் போற்றினால், கரும்பலகையில் ஒரு வரியாகத்தான் அவர் எஞ்சுவார். நம் வீட்டு வேலியோரத்தில் தொட்டாற்சுருங்கி இருக்கிறது. நாட்டு மருந்துத் தோட்டங்களில் தொழுகண்ணியும் கிடைக்கும். ஒரு கடிகாரத்தையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு அதன் அருகே ஒரு பகற்பொழுது அமர்ந்து, துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளும் மாணவன், அவருக்கு எடுக்கும் எந்த விழாவைக்காட்டிலும் பெரிய விழாவை எடுத்தவனாவான்.